சீம்பால் நிறம்

பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் பச்சியப்பன் ஒரு பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவான். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று பஸ் மாறி, கடைசியாகப் பென்னாகரம் பஸ்ஸில் ஏறியதும் அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டியிருப்பான்.

"என்ன மாமா, பெங்களூருல இருந்து பாலா? நம்மூரு மாடெல்லாம் வத்திப்போச்சா?" என்பான் கண்டக்டர்.

"பாலாட்டந்தான் இருக்கும் மாப்ள. குடிச்சுப் பாரு, கொடலெல்லாம் பளபளன்னு ஆயிரும்."

வாளியில் இருப்பது அடுக்குமாடி வீடுகளில் வேலை முடிந்து மிஞ்சிய பெயிண்ட். மேஸ்திரி கீழே கொட்டச் சொல்வதைப் பச்சியப்பன் கேட்டு வாங்கிக்கொள்வான். அங்கே எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக்குப் போனாலும் உள்சுவருக்கு ஏறக்குறைய ஒரே நிறம்தான். பார்த்தால் வெள்ளை. ஆனால் அதில் மஞ்சள் கொஞ்சமும் காவி அதைவிடக் கொஞ்சமும் விழுந்திருக்கும். சுத்த வெள்ளை அடித்த சுவர் டியூப்லைட் போட்டதும் நீலம் பாய்ந்து நிற்கும். இது அப்படி நிற்காது. மஞ்சள் கூடினால் பழைய காகிதம்போல் ஆகிவிடும், காவி கூடினால் உடம்புத் தோலின் சாயல் வந்துவிடும். இரண்டும் இருப்பதே தெரியாத இடத்தில் நிறுத்த வேண்டும். டப்பா மூடிகளில் ஐவரி, க்ரீம், புரோக்கன் ஒயிட் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பேர் இருந்தது.

பச்சியப்பன் வீட்டில் அதற்கு வேறு பேர். வைத்தவள் அவன் மனைவி நிர்மலா.

கல்யாணமான புதிதில் அவளும் அவனோடு பெங்களூரில் இருந்தாள். பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாகப் பட்டி மாவு பூசிய சுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற வேலை. சாயங்காலம் கண்ணிமைமுடிகூட வெளுத்துப்போய் இறங்கி வருவாள். ஒரு வீடு முடிந்து, சாவி கொடுப்பதற்கு முன்னால், யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே போய் ஹாலின் நடுவில் நிற்பது அவள் வழக்கம். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும்.

"கன்னு போட்ட மறுநாளு கறக்கற சீம்பாலு இருக்குதில்லங்க, அந்தக் கலர் இது" என்றாள் ஒரு நாள். "சுண்ணாம்பு அடிச்ச ரூம்புல படுத்தா ஆஸ்பத்திரியில படுத்தாப்பல இருக்கும். இதுல படுத்தா யாரோ பக்கத்துல ஒக்காந்திருக்கற மாதிரி இருக்குது. நம்ம வூட்டுக்கும் இதையே அடிக்கலாங்க."

"மொதல்ல வூடு வரட்டும்டி."

மகள் கலைமதி பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் நிர்மலா ஊரோடு நின்றுவிட்டாள். அரசாங்கத் திட்டத்தில் தளம் போட்ட வீடும் வந்தது. ஒரு ஹால், ஓர் உள்ரூம், சமையற்கட்டு. பச்சியப்பன் லீவில் வந்து தன் கையாலேயே உள்சுவர் முழுக்கப் பட்டி பூசினான். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாலும் ஒரு மேடு பள்ளம் தெரியாது. நிர்மலா பழைய பழக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தாள்.

பெயிண்ட் அடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஒரே பேர், ஒரே நம்பர் போட்ட இரண்டு வாளிகளைத் திறந்தாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஒரு சுவரின் பாதியில் ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தால், விளக்கைப் போட்டதும் கோடு கிழித்த மாதிரி தெரியும். அதனால் வேலைக்கு வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அத்தனை வாளியையும் ஒரே பேரலில் ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் தொழில் தெரிந்தவன் பிரஷ்ஷைத் தொடுவான். பச்சியப்பன் கொண்டுவருவதோ இருபது வீட்டு மிச்சம். எல்லாம் கலந்தால் வருகிற நிறம் எந்தக் கடையிலும் இருக்காது. நடுவில் தீர்ந்துபோனால் திரும்ப அதைப் பிடிக்கவே முடியாது. ஆகவே வீடு முழுக்க இரண்டு கோட் அடிக்க வேண்டியது சேரட்டும் என்று வாளிகளைப் பின்பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட சார்ப்பில் அடுக்கிக்கொண்டே வந்தான்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தெருவே பெயிண்ட் அடிக்கும். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் ஒரு வருடம் கிளிப்பச்சை, மறுவருடம் ரோஸ், அதற்கடுத்து கத்தரிப்பூ. காப்புக் கட்டுகிற அன்று வேப்பிலையும் பூளைப்பூவும் செருக வந்து நின்றுகொண்டு, "ஊரான் வூட்டுக்கெல்லாம் அடிக்கறான், சொந்த வூட்டுல பட்டியோட நிக்கறான். ஏன் நிர்மலா, ஒம்புருசன் ஒனக்குத் தாலியாவது முழுசாக் கட்டுனானா?" என்பாள்.

நிர்மலாவும் சிரிப்பாள். பெயிண்ட் ஏறாத பட்டி ஒட்டும். சுவரில் சாய்ந்து எழுந்தால் ஜாக்கெட்டின் முதுகில் வெள்ளை. அவள் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்களையெல்லாம் பஸ் ஸ்டாப்பில் முதுகை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

"ஒரு செவுரு மட்டுமாச்சும் அடிங்களேன். நான் படுக்கற பக்கம்."

"ஒண்ண அடிச்சா மத்ததெல்லாம் அழுக்காத் தெரியும்டி. இரு. இன்னும் கொஞ்சந்தான்."

அவன் பொய் சொல்லவில்லை. எப்போதும் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. கலைமதி படித்து முடித்து, கல்யாணமாகிச் சேலம் பக்கம் போனாள். அப்போதும் அந்த வீடு பட்டியோடுதான் நின்றது.

நிர்மலாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கர்ப்பப்பையில் வந்திருப்பது முற்றிவிட்டது என்றார்கள். சேலத்தில் கதிர்வீச்சு மெஷினில் கரண்ட் வைத்தார்கள். பிறகு வலி மாத்திரை கொடுத்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு நர்ஸ் நிர்மலாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒழுக்கு இருக்கும், அதற்கு வாடை வரும், துணியை அடிக்கடி மாற்றிக்கொள்ளம்மா என்று சொல்லியனுப்பினாள்.

பச்சியப்பன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தான். அவளை ஹாலில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தான். அவள் எதிரே அழுக்கேறிய பட்டிச் சுவர். அவன் அதைப் பார்த்தான். அவள் அதைப் பார்ப்பதையும் பார்த்தான்.

மறுநாள் காலை சார்ப்பிலிருந்து வாளிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். அளந்து பார்த்தால் போதும் என்று தோன்றியது. ஒருவேளை போன வருடமே போதுமாக இருந்திருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். திறக்காத பெயிண்ட் கெடாமல் நிற்கும். அடிப்பதற்காகத் தண்ணீர் கலந்த பெயிண்ட் நிற்காது. வேலையில் மிஞ்சுவதெல்லாம் தண்ணீர் கலந்ததுதான். வெயில் இறங்குகிற ஷீட்டுக்கு அடியில் வருடக்கணக்கில் இருந்தால் உள்ளே அழுகும். சிலசமயம் நிறம் மாறாது, கட்டி தட்டாது, கலக்கினால் வழவழவென்று வரும். நாறும், அவ்வளவுதான். மூக்கு ஒன்றால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

பச்சியப்பனுக்கு மூக்கு இல்லை. கப்போர்டுகளுக்குள் தலையை விட்டுத் தின்னர் கலந்த வார்னிஷ் அடித்து அடித்து எப்போதோ போய்விட்டது. பக்கத்தில் பால் பொங்கி அடிப்பிடித்துக் கருகினாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். "மூக்கு எதுக்கு, கண்ணாடி மாட்டவா?" என்று நிர்மலா திட்டுவாள். பெங்களூரில் பழைய வாளியைத் திறந்தால் கூட வேலை செய்கிற மாரப்பனைத்தான் கூப்பிடுவான். "மாரப்பா, மோந்து சொல்லு." மாரப்பன் முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினால் ஊற்றுவார்கள். அது கையைக் கழுவுவதுபோல் ஒரு பழக்கம். யாரும் அதை நினைத்துச் செய்வதில்லை. வீட்டில் மாரப்பன் இல்லை. பச்சியப்பனுக்கு அது தோன்றவும் இல்லை.

அவன் ஒவ்வொரு வாளியையும் கண்ணால் சோதித்தான். மேலே நின்ற தண்ணீரை இறுத்தான். குச்சியை விட்டுத் தூக்கி, வழிகிற வேகத்தைப் பார்த்தான். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினான். பிறகு, தொழில் தெரிந்தவன் செய்கிறபடி, எல்லாவற்றையும் ஒரே பேரலில் ஊற்றினான். நல்லதும் கெட்டதும் ஒன்றாகின.

நிர்மலாவைக் கோவிந்தம்மாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டு அடித்தான். சுவரைத் துடைத்து, பிரைமர் கொடுத்து, ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட். எட்டிப் பார்த்த கோவிந்தம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள்.

"ஐயய்யோ, என்னா நாத்தண்டா சாமி."

"பெயிண்டுன்னா அப்படித்தான் இருக்கும்க்கா. காஞ்சா போயிரும்."

"அடிச்ச மாதிரியே தெரியலியே. வெள்ளையா, மஞ்சளா? நல்லா நாலு பேரு பாக்கற மாதிரி ஒரு கலர் அடிப்பியா..."

காய்ந்ததும் பச்சியப்பன் ஹாலின் நடுவில் நின்றான். இத்தனை வருடத்தில் அவன் அடித்த எந்தச் சுவரும் இப்படி வந்ததில்லை. மஞ்சளும் இல்லை, காவியும் இல்லை, இரண்டும் இருந்தன. ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குத் திரும்பினால் மூலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

நிர்மலாவைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினான். அவள் சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க. அதேதான்."

"இருக்குமில்ல?"

"அதே சீம்பாலு."

அன்றுமுதல் அவள் சாப்பிடவில்லை. கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனால் குமட்டினாள். நோயின் தன்மை என்று பச்சியப்பன் நினைத்தான். துணியை மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாற்றி முடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சொல்வாள். டெட்டால் போட்டுத் துடைக்கச் சொல்வாள். "இப்பத்தானே தொடச்சேன்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊதுவத்தி கொளுத்தச் சொல்வாள். தினமும் வந்து பக்கத்தில் உட்காரும் கோவிந்தம்மாள் வாசற்படியோடு நின்று விசாரித்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். பேரப்பிள்ளைகளை உள்ளே அனுப்பவில்லை. நிர்மலாவே அவளிடம், "கொழந்தைங்களக் கூட்டியாராதக்கா" என்று சொல்லிவிட்டாள்.

பச்சியப்பனிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெயிண்ட்தான் காய்ந்துவிட்டதே, இனி நாறுவது சாகக் கிடக்கிறவளின் உடம்புதான் என்று புருசனிடம் எப்படிச் சொல்வது?

கலைமதி வந்தாள். வாசலில் கால் வைத்ததும் நின்றாள். பிறகு உள்ளே போய் அம்மாவின் நெற்றியைத் தொட்டாள். அவளும் முதலில் மற்றவர்கள் நினைத்ததையே நினைத்தாள். வெந்நீர் வைத்து, அம்மாவைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய் உடம்பு முழுக்கக் கழுவி, வேறு சேலை சுற்றி, வெயிலில் சாய்வாக உட்கார வைத்தாள். மெத்தையைச் சுருட்டி வெளியே போட்டாள். ஹாலைக் கூட்டிக் கழுவினாள். அம்மா இல்லாத, மெத்தை இல்லாத ஹாலில் நாற்றம் முன்னைவிட அதிகமாக இருந்தது. பின்பக்கம் வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும் வந்தது. திரும்ப உள்ளே போய், சுவரில் மூக்கை வைத்தாள்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். "என்னத்தப்பா அடிச்சீங்க இதுல?"

"ஏன்? பேட்ச் தெரியுதா?"

"செவுரு நாறுதுப்பா. உங்களுக்குத் தெரியலியா? அம்மா இல்லப்பா. செவுரு."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. பேரலில் அடியில் மிச்சமிருந்ததை எடுத்துவந்து அவளிடம் நீட்டினான். அவள் முகர்ந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அப்போதுதான் அவனுக்கு மாரப்பனின் ஞாபகம் வந்தது.

பின்பக்கம் நிர்மலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னுது இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா."

"செவுத்துதா?"

"செவுத்துதும்மா."

நோய் இன்னதென்று சொன்ன அன்றும் அழாதவள் அப்போது அழுதாள். "இத்தன நாளும் நான் அழுகிப்போயிட்டேன்னு நெனச்சேன் கலை. உங்கப்பா மூக்கு போனது நல்லதாப் போச்சு, அவருக்காச்சும் தெரியாதுன்னு சாமியக் கும்புட்டேன்."

பச்சியப்பன் கதவுக்குப் பின்னால் நின்றான். வெளியே வரவில்லை.

பிறகு அவன் சுவரைக் கழுவினான். ஈரம் பட்டதும் இன்னும் கிளம்பியது என்றாள் கலைமதி. நாற்றத்தை இழுக்கட்டும் என்று கரியும் சுண்ணாம்பும் தட்டுத்தட்டாக வைத்தார்கள். வேப்பிலைப் புகை போட்டார்கள். கீழே பட்டிவரை சுரண்டி எடுத்தால் போகும். அதற்கு வீடெல்லாம் புழுதியாகும், அவளை எங்கே வைப்பது? மேலே வார்னிஷ் கொடுத்து மூடலாம். அந்த நெடியில் அவள் மூச்சுவிட முடியாது. எல்லா வழியும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் நாள் வேண்டியிருந்தது. அவளைச் சார்ப்பில் ஷீட்டுக்கு அடியில் படுக்க வைத்தார்கள். சித்திரை வெயில்.

செய்தி கேட்டு நிர்மலாவின் அண்ணன் அர்ச்சுனன் பொம்மிடியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வூடா இது மாப்ள? எலி செத்த பொந்தாட்டம் இருக்குது. எந்தங்கச்சி ஷீட்டுக்கு அடியில கெடக்கறா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"கட்டுன வூட்ட விட்டு எப்படிங்க மச்சான்..."

"கட்டுன வூட்டுல எடமிருந்தா நான் ஏன் கேக்கறேன்?"

நிர்மலாவைக் கேட்டார்கள். அவள் பச்சியப்பனின் முகத்தைப் பார்க்காமல், "போறேன்ணா" என்றாள். காரில் ஏற்றும்போது அவன் கையைப் பிடித்து, "கலர் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றாள். அது அவனுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை.

பொம்மிடியில் அண்ணன் வீட்டில், நீலம் அடித்த ஒரு ரூமில், ரயில் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே அவள் இறந்தாள். பச்சியப்பன் பக்கத்தில்தான் இருந்தான். அங்கே அவள் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். அதை அவன் எல்லோரிடமும் சொன்னான்.

அடக்கத்துக்காக உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் எடுத்துப்போகவில்லை. பந்தலைத் தெருவரை நீட்டிப் போட்டு அங்கேயே வைத்தார்கள். பெண்கள் வெளியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். குளிப்பாட்டுவதற்குக் குடம் எடுக்க உள்ளே போன ஒருத்தி ஓட்டமாக வந்தாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே அந்தச் சுவர்கள் ஒரே சீராக, ஒரு கோடு இல்லாமல் நின்றன.

பதினாறாம் நாள் முடிந்ததும் பச்சியப்பன் சுரண்டியை எடுத்தான். அர்ச்சுனன் தடுத்தார்.

"எழவு வுழுந்த வூட்டுல வருசம் திரும்பாம செவுத்துல கை வெக்கக்கூடாது மாப்ள. வெள்ளையடிக்கக்கூடாது, சொரண்டக்கூடாது. எம்பொண்ணு வூட்டுக்கு ஆவாது, ஒம்பொண்ணு வூட்டுக்கும் ஆவாது. விட்ரு."

கலைமதி மாசமாக இருந்தாள். விட்டுவிட்டான்.

அதே வீட்டில் இருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சமைக்கிறான், சாப்பிடுகிறான், அவள் கிடந்த கட்டிலில் படுக்கிறான். பக்கத்து ஊர்களில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. யாராவது வீட்டைத் தாண்டிப் போனால், "ஒரு நிமிசம் உள்ள வந்து பாருங்க, கொறஞ்சிருக்குதா?" என்பான். பால் ஊற்ற வருகிறவர், ரேஷன் கடைக்காரர், கோவிந்தம்மாள். எல்லோரும் படியில் நின்றபடியே, "இப்பப் பரவால்லப்பா" என்பார்கள். மூச்சை இழுக்காமல் சொல்வதை அவர்களின் மார்பைப் பார்த்தே அவன் தெரிந்துகொள்வான்.

தைக்கு முன்னால் கலைமதி குழந்தையோடு வந்தாள். குழந்தையைக் கோவிந்தம்மாளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக வந்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் காப்புக் கட்டியிருந்தார்கள், அவன் வீட்டில் இல்லை.

"நீயாச்சும் உள்ளதச் சொல்லு" என்றான்.

அவள் உள்ளே போனாள். ஜன்னல்களைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள்.

"இருக்குதுப்பா. முன்னயளவுக்கு இல்ல. ஆனா இருக்குது."

அவன் தலையை ஆட்டினான். இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"எப்படி இருக்குது அது?"

"என்னாது?"

"அந்த நாத்தம். எது மாதிரி?"

"வேணாம்பா."

"சொல்லு. எலி செத்த மாதிரின்னாரு மாமன். அப்படியா?"

கலைமதி யோசித்தாள். "எலி மாதிரின்னு இல்லப்பா. கூமுட்டய ஒடச்சா வருமே, அது. அதோட புளிச்சுப்போன மோர்... தண்ணி மாத்தாத பூச்சாடி. உள்ள போனா தொண்டையில ஒக்காந்துக்கும். எச்சி முழுங்கினாலும் போவாது."

பச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். கூமுட்டையின் நாற்றத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தான். முட்டை தெரிந்தது, உடைந்த ஓடு தெரிந்தது, உள்ளே கருத்துக் கலங்கியிருந்த நிறம்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. நாற்றம் வரவில்லை.

"இதையா" என்றான், "இதையா அவ தன்னுதுன்னு நெனச்சா?"

எதிர்வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. கலைமதி எழுந்து போனாள்.